கரும்புத் தொட்டில்

பொங்கல் முடிந்த மறுநாள் கபிலன் தேக்கா சந்தையிலிருந்து இரண்டு கரும்புகளை வாங்கி வந்து, எங்கள் பாசிர் ரிஸ் அடுக்குமாடி வீட்டு வாசலில், செருப்பு அலமாரியை ஒட்டிச் சாய்த்து வைத்தார். பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதுக்கு இது?"

"தைப்பூசத்துக்கு, அனு. தொட்டில் எடுக்கணும்ல."

"யாரப் போட்டு எடுக்கப் போறீங்க?"

அவர் கை கழுவப் போய்விட்டார். என் புருஷனின் பெரிய குறையே அதுதான். சண்டைக்குக்கூட ஒத்துழைக்க மாட்டார்.

வேண்டிக்கொண்டது என்னவோ நான்தான். கல்யாணமாகிப் பல வருஷம் ஊசியும் மாத்திரையுமாக அலைந்து அலுத்துப்போய், டேங்க் ரோட்டு முருகன் முன்னால் நின்று அழுதேன். "ஒரு புள்ளையக் குடுப்பா. அது பொறந்து வர்ற மொத தைப்பூசத்துக்கே ரெண்டு பேருமா கரும்புத் தொட்டில் எடுத்து வரோம்." பக்கத்தில் நின்ற கபிலனும் கும்பிட்டுத் தலையாட்டினார். கரும்பின் நடுவே மஞ்சள் துணியில் தூளி கட்டி, அதில் பிள்ளையைப் படுக்க வைத்து, தாயும் தகப்பனும் ஆளுக்கொரு முனையைத் தோளில் தாங்கி நடக்க வேண்டும். பெருமாள் கோயிலில் புறப்பட்டு டேங்க் ரோட்டில் போய் முடிக்க வேண்டும்.

முருகன் கொடுத்தான். பங்குனியில் சிவானி பிறந்தாள், இருதயத்தில் ஓட்டையோடு. தை வருவதற்குள், கார்த்திகையிலேயே போய்விட்டாள். தீட்டு என்று அந்த வருஷம் கோயில் பக்கம் போகவில்லை. தீட்டு முடிந்த பிறகும் நான் போகவில்லை. எனக்குக் கோபம் முடியவில்லை.

கரும்பு வந்த மறுநாள் காலை அவரை விடாமல் பிடித்துக்கொண்டேன். "காட்டிட்டுப் புடுங்கிக்கிட்டவருக்கு எதுக்கு நேர்த்திக்கடன்? ஏமாத்து வேலை லா இது!"

"கேட்டதக் குடுத்தாரு, அனு. நாம சொன்னத நாம செய்யணும்ல."

"என்ன குடுத்தாரு?"

"புள்ள வேணும்னுதான கேட்டோம்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எவ்வளவு நாளைக்குன்னு கேக்கலயே."

குத்திக்காட்டச் சொல்லவில்லை என்று தெரியும். அவருக்கு அதெல்லாம் வராது. ஆனாலும் அந்த வார்த்தை என்னை அறுத்தது. உண்மைதானே? ஆயுசோடு குடு என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் என் வாய் தேய்ந்தா போயிருக்கும்? பிள்ளை கேட்பவள் அதையும் தனியாகக் கேட்க வேண்டும் என்று எவளுக்குத் தோன்றும்?

அவர் விரதம் தொடங்கினார். பாயில் படுத்தார். நான் வேண்டுமென்றே ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு வைத்தேன். மனுஷன் சோற்றில் மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, என் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்தார்.

"நீங்களே தனியா எடுத்துக்குங்க" என்றேன்.

"ஒரு ஆளால எப்படிம்மா முடியும்? அதுக்கு ரெண்டு முனை இருக்கு."

தைப்பூசத்தன்று காலை நான் அறையிலிருந்து வந்தபோது, அவர் கரும்பை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கிடத்தித் தூளி கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சுப் போட்டார். பிறகு இரண்டு கைகளாலும் துணியை அழுத்தி இழுத்துப் பார்த்தார். திருப்தியில்லாமல் அவிழ்த்து, இன்னும் இறுக்கிக் கட்டி, மறுபடி அழுத்திப் பார்த்தார். வீட்டுத் தூளியில் சிவானியைப் போடுவதற்கு முன் தினமும் அப்படித்தான் பார்ப்பார். இதில் யார் விழப் போகிறார்கள்?

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. உள்ளே போய் மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தேன். பெருமாள் கோயிலுக்குக் கிளம்பினோம்.

முன்முனை அவர் தோளில், பின்முனை என் தோளில். சிராங்கூன் ரோட்டில் காவடிகளுக்கும் பால்குடங்களுக்கும் நடுவே நடந்தோம். தூளி கனமே இல்லாமல் ஆடியது. கனமாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக நடந்திருப்பேன். ஓரத்தில் நின்ற சீனக் கிழவி ஒருத்தி சிரித்துக்கொண்டே, "பேபி ஸ்லீப்பிங் ஆ?" என்று கேட்டாள். கபிலன் ஆமாம் என்று தலையாட்டினார்.

சிலிகி ரோட்டில் கூட்டம் நின்றபோது, பால்குடம் சுமந்த இளம்பெண் ஒருத்தி என்னருகே வந்தாள்.

"அக்கா, ஒரு தடவ தொட்டில ஆட்டிக்கட்டுமா? எங்களுக்கு இன்னும் கொழந்த இல்ல. கவிப்ரியான்னு என் பேரச் சொல்லி எனக்காகவும் வேண்டிக்கிறீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் எட்டி உள்ளே பார்த்துவிட்டாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நெருப்பைத் தொட்டவள்போல், நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். அபசகுனம் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும், அவள்மேல் என்ன தப்பு?

"சாரிக்கா..."

அவள் கையைப் பிடித்துத் தூளியின் மேல் வைத்தேன்.

"பரவால்லம்மா, ஆட்டு. ஆனா வேண்டிக்கும்போது ஆயுசையும் சேத்துக் கேளு. மறந்துடாத."

அவள் அழுதுகொண்டே ஆட்டினாள். கபிலன் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் தோள் குலுங்குவது மட்டும் கரும்பு வழியாக என் தோளுக்குத் தெரிந்தது.