ஈரச் சேலை

செல்லூரிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பிய குழுவில் மாமியார் பாண்டியம்மாளும் வருவாள் என்று தமிழ்வாணிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு குழுவில் பெயர் கொடுத்திருப்பாள். கணவன் முத்துக்குமரனோடு அவள் காளவாசலில் தனி வீடு பார்த்துப் போய் ஆறு மாதமாகிறது. பாண்டியம்மாள் மகனிடம் மட்டும் போனில் பேசுவாள். மருமகளிடம் ஒரு வார்த்தை கிடையாது. பரவை தாண்டியும் இருவரும் கூட்டத்தின் முன்னும் பின்னுமாகத்தான் நடந்தார்கள்.

மறுநாள் காலை வாடிப்பட்டிக்கு அப்பால், மழைக்குத் தேங்கிக் கிடந்த சேற்றுத் தண்ணீரை ஒரு லாரி வாரி இறைத்துவிட்டுப் போனது. ஓரமாக நடந்த பாண்டியம்மாள் தலையிலிருந்து கால்வரை சேறாகி நின்றாள். மாற்றுத் துணி வைத்திருந்த பைகளெல்லாம் வேனில் கொடைரோட்டுக்குப் போயிருந்தன. தமிழ்வாணியின் தோள்பையில் மட்டும் ஒரு சேலை இருந்தது.

எடுக்கத் தயங்கினாள். எல்லார் முன்னாலும் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது? ஆனால் காதோரம் சேறு வழிய அவள் நின்ற கோலத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. போய் நீட்டிவிட்டாள்.

"இதக் கட்டிக்கங்க அத்தை. அத நான் அலசித் தாரேன்."

பாண்டியம்மாள் சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

பக்கத்துத் தோப்பில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. தோப்புக்காரர் நல்லகாமன் உடை மாற்ற மோட்டார் ரூமைத் திறந்துவிட்டு ஒரு வாளியும் கொடுத்தார்.

"தாராளமா அலசுங்க தாயி. சோப்புத் தண்ணி மட்டும் வாய்க்கால்ல எறங்க வேணாம், கீழ வெண்டைக்கா போட்டுருக்கேன். மோந்துட்டுப் போயி அந்தத் தென்னைக்கு அங்கிட்டு வச்சுத் தொவைங்க."

தமிழ்வாணி தோள்பையிலிருந்த சோப்பை எடுத்துப் பிரித்தாள்.

"மொதல்ல வெறுந்தண்ணியில சேத்தப் போக்கு. சோப்பப் போட்டா கறையா நின்னுரும்." உடை மாற்றி வந்த பாண்டியம்மாள் பின்னால் நின்று சொன்னாள். ஆறு மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அது.

நாலு வாளித் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் சேலையின் பச்சை தெரிந்தது. சோப்புப் போட்டு அலசி, ஒற்றை ஆளாகப் பிழியப் பார்த்தாள். முந்தி மண்ணில் விழப் போனது. பாண்டியம்மாள் சட்டென்று அதைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் முறுக்கினார்கள். சேலை முறுகாமல் சும்மா உருண்டது.

"ஏ, நான் திருப்புற பக்கமே நீயும் திருப்புனா எப்புடிப் புழியும்?"

தமிழ்வாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாண்டியம்மாளும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அதற்குள் குழுத்தலைவர் சோணை ரோட்டிலிருந்து சத்தம் கொடுத்தார். காயப்போட நேரமில்லை.

"நீ முந்தியப் பிடிச்சு முன்னால நட. நான் பின்னால பிடிச்சுட்டு வாரேன்," என்றாள் பாண்டியம்மாள்.

சேலையை நீளவாக்கில் விரித்துப் பிடித்தபடி நடந்தார்கள். காற்று அதைப் படபடவென்று அடித்தது. ஒருத்தி வேகமாக நடந்தால் இழுத்தது, மெதுவாக நடந்தால் தொய்ந்து தரையைத் தொடப் பார்த்தது. தமிழ்வாணியின் குதிகாலில் கொப்புளம். அவள் நொண்டுவதைப் பார்த்து, பின்னால் வந்தவள் நடையின் வேகத்தைக் குறைத்துக்கொண்டாள்.

"வேலைக்குப் பக்கம்னுதான் அங்கிட்டுப் போனீகன்னு அவன் சொன்னான். நீ ஒரு வார்த்த சொல்லலயேன்னுதான் எனக்கு."

"சொல்லத்தான் வந்தேன் அத்தை. நீங்க கதவச் சாத்திட்டீங்க."

சேலை ஒருமுறை தொய்ந்து, மறுபடி நிமிர்ந்தது.

"ஆமா," என்றாள் பாண்டியம்மாள். "சாத்திட்டேன். தப்புத்தேன்."

தமிழ்வாணி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று இருந்தது. சேலையை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கொடைரோடு வருவதற்குள் துணி மொறமொறவென்று காய்ந்துவிட்டது. புளியமரத்தடியில் நின்று இருவருமாக மடித்தார்கள்.

"பழனி போயிட்டு வந்து ஒரு ஞாயித்துக்கெழம வாரேன். காளவாசல்ல எறங்கி எந்தப் பக்கம் வரணும்?"

"சிக்னலத் தாண்டி, மருந்துக்கடை ஒண்ணு இருக்கும், அதுக்குப் பக்கத்துச் சந்துல..." என்று சொல்லிக்கொண்டே வந்த தமிழ்வாணி நிறுத்தினாள்.

"நீங்க பஸ்ஸ விட்டு எறங்கி நில்லுங்க அத்தை. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."