அங்குலத்துக்கு ஆறு தையல்

1

இந்தக் கதை எனக்கு மருந்துக்கடையில் கிடைத்தது. திருடினேன் என்றும் சொல்லலாம். நெரிடா க்ளோஸ் கட்டைவிரலுக்குப் பிளாஸ்திரி வாங்க வந்தாள். “என்ன ஆச்சு?” என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். முக்கால் மணி நேரம் சொன்னாள். அவளுக்குப் பின்னால் மருந்துச் சீட்டோடு நின்ற இரண்டு பேரும் போகவில்லை. அவர்களும் கேட்டார்கள்.

முங்கரா என்ற இந்தப் பண்ணை ஊரில் பத்தொன்பது வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஊரில் என் பெயர் ‘மாத்திரை’. நெரிடா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், வயது அறுபத்தொன்று. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு மாலையில் ஏற்றும் வரைக்கும் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து தோல் தைப்பாள். பிழைப்புக்காக இல்லை, ஆசைக்காக. அறுந்த கைப்பை, நாயின் கழுத்துப்பட்டி, ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிறவர்களின் இடுப்பு வார் எல்லாம் அவளிடம் வந்து சேரும்.

கதையை முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘செம்மண் வெளியின் மேல் சூரியன் தன்—’

வேண்டாம். இந்த ஊரில் சூரியனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மழையைப் பற்றித்தான் பேசுவார்கள், அதுவும் திட்டுவதற்கு.

இரண்டாவது தடவை: ‘தோலுக்கு நினைவு உண்டு.’ இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நெரிடாவுக்கு வாசித்துச் சொன்னேன்.

“நினைவாவது ஒரு மண்ணாவது! அது செத்த மாடு, மாத்திரை.”

ஆகவே கதைக்கு இன்னும் ஆரம்பம் இல்லை. நீங்கள் ஏற்கனவே இவ்வளவு தூரம் வந்துவிட்டதால் அதைப் பெரிதுபடுத்தாமல் மேலே போவோம்.

2

அவள் தைப்பதை நான் முதன்முதலில் பார்த்தது என் பையின் பிடி அறுந்த அன்று. நூல் ஒன்று, ஊசி இரண்டு, நூலின் ஒவ்வொரு முனையிலும் ஒன்று. தோலை மரக் கிடுக்கியில் வைத்து முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டாள். குத்தூசியால் ஒரு துளை. வலது ஊசி இந்தப் பக்கம் போனது. அதே துளையில் இடது ஊசி அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. இரண்டு கைகளையும் விரித்து ஒரே இழுப்பு. மெழுகு தேய்த்த நூல் தோலுக்குள் இறங்கும்போது சின்னதாக ஒரு சத்தம் கேட்டது.

“ஒரு பக்கத்து இழை அறுந்தா இன்னொண்ணு பிடிச்சுக்கும். மிஷின் தையல் அப்படி இல்ல. ஒரு இடத்துல விட்டுச்சுன்னா மொத்தமும் உருவிக்கிட்டு வந்துடும்” என்றாள்.*

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இத்தனை நாள் எத்தனை செருப்புப் போட்டிருப்பேன், எத்தனை பை தூக்கியிருப்பேன்! ஒவ்வொரு துளையிலும் இரண்டு இழைகள் ஒன்றை ஒன்று தாண்டிப் போவதை ஒரு தடவைகூட யோசித்ததில்லை. வெட்கமாகக்கூட இருந்தது.

(* இந்த ஊரில் யாரும் யாரையும் மரியாதைப் பன்மையில் பேசுவதில்லை. நீதிபதிக்கும் வெறும் பெயர்தான், குடிகாரனுக்கும் வெறும் பெயர்தான். அதனால் எல்லோரையும் ‘நீ’, ‘அவன்’, ‘அவள்’ என்றே எழுதுகிறேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

3

இனி டெஸ் காரிஞ். முப்பத்து நான்கு வயது. பண்ணைகளுக்கு வேலி போடுகிறவள். சனி ஞாயிறானால் பிஸ்கட் என்ற தன் பழுப்புக் குதிரையோடு ட்ராஃப்ட் போட்டிக்குக் கிளம்பிவிடுவாள். மந்தையிலிருந்து ஒரு மாட்டைப் பிரித்து, பாய்ச்சலில் விரட்டி, நட்டுவைத்த கம்பங்களைச் சுற்றி வளைத்து வாசலுக்குள் செலுத்துகிற போட்டி அது. வளைவில் ஆளின் முழு எடையும் காலை ஊன்றும் ஒற்றை அங்கவடியில் நிற்கும்.

அவளை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. டெஸ் என் கடைக்கு வருகிறவள், இது தமிழில் இருந்தாலும் படித்துச் சொல்ல யாராவது கிடைத்துவிடுவார்கள். ‘டெஸ் முன்கோபக்காரி’ என்று எழுதி அடித்தேன். ‘டெஸ் நேர்மையானவள்’ என்று எழுதி அதையும் அடித்தேன். பதினோரு வருஷமாகப் போட்டிக்குப் போகிறாள், இந்தக் கதை நடக்கும் வரை ஒரு தடவைகூட இறுதிச் சுற்றுக்குத் தேறவில்லை. இதை மட்டும் வைத்துக்கொள்வோம்.

போட்டிக்கு நான்கு நாள் முன்னால் அங்கவடியைச் சேணத்தில் தொங்கவிடும் வார் ஒன்றைக் கொண்டுவந்து நெரிடாவின் மேசையில் போட்டாள். கொக்கி இருக்கும் முனையில் தையல் விட்டிருந்தது. சேணம் பழசு, எங்கோ ஏலத்தில் எடுத்தது. தைத்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது.

“சும்மா நாலு தையல் போட்டுக் குடு நெரிடா.”

“நாலு தையலா? என்னப் பாத்தா நாலு தையல் ஆளு மாதிரியா இருக்கு?”

தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. அந்த வருஷம் விவசாயக் கண்காட்சியில், பொழுதுபோக்குத் தோல்வேலைப் பிரிவில் நெரிடாவுக்கு முதல் பரிசு நீல ரிப்பன் கிடைத்திருந்தது. நடுவர் காலின் ஹாட்லோ கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்து, அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தான். ரிப்பன் கொட்டகைச் சுவரில், குத்தூசிகளுக்கு மேலே தொங்கியது.

டெஸ்ஸின் வாரில் பழைய முனையை அப்படியே வெட்டி எடுத்துவிட்டு, புதிய இடத்தில் மடித்து, புதிதாகத் துளை போட்டு, அங்குலத்துக்குப் பத்தாகத் தைத்தாள். நூலும் கடையில் இருந்ததிலேயே பலமானது, செயற்கை இழை. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. நான் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

4

போட்டி சனிக்கிழமை. காலையில் தேநீரோடு கொட்டகையில் உட்கார்ந்தபோது, வெட்டிப் போட்ட அந்தப் பழைய துண்டு நெரிடாவின் கையில் அகப்பட்டது. வேலையில்லாத விரல்கள் துளைகளை எண்ணின. அங்குலத்துக்கு ஆறு.

‘என்ன சோம்பேறித் தையல்’ என்றுதான் முதலில் நினைத்தாள். (என்னிடம் அவளே ஒத்துக்கொண்டது.)

பிறகு துண்டை வெளிச்சத்தில் பிடித்தாள். துளைகள் எல்லாம் முழுசாக இருந்தன. ஒன்றுகூட நீளவில்லை, ஒன்றோடொன்று கிழிந்து சேரவில்லை. இத்தனை வருஷம் எத்தனை பேரின் எடை, எத்தனை வளைவு! இற்றுப்போனது நூல் மட்டும்தான். தோலை இடுக்கியால் பிடித்துத் தன் பலமெல்லாம் போட்டு இழுத்தாள். அசையவில்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இதை என்னிடம் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினாள். பின்னால் நின்றவர்கள் ஓரடி முன்னால் வந்தார்கள்.

“அந்த ஆளு வேணும்னேதான் அப்படி செஞ்சிருக்கான், மாத்திரை. இல்ல, செஞ்சிருக்கா. யாரு கண்டா. தோலை விட நூல் பலம் கம்மியா இருக்கணும்னு பாத்துப் பாத்துப் போட்டிருக்கு. என்னைக்காவது ஒண்ணு போகணும்னா நூல் போகட்டும். கொஞ்சங் கொஞ்சமா, கண்ணுக்குத் தெரியறாப்புல போகும். தோல் பொழச்சுக் கெடந்தா பின்னாடி வர்றவ ஊசியைக் கோத்துக்கலாம். எனக்காக எடம் விட்டு வெச்சிருக்கு அந்தக் கை! நான் பொறக்கறதுக்கு முன்னாடியே!”

இந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்போது எழுதும்போதும் அப்படித்தான். பெயர் தெரியாத ஒருவர், பார்க்கப்போகாத ஒருத்திக்காக, துளைக்கும் துளைக்கும் நடுவே கொஞ்சம் தோலை விட்டுவைத்துப் போயிருக்கிறார். இதற்கு மேல் நான் என்ன எழுதிச் சேர்க்க முடியும்? அந்த வாக்கியத்துக்கு நிகரான ஒரு— சரி, விடுகிறேன்.

நெரிடா தன் பழைய பயிற்சித் துண்டு ஒன்றை எடுத்தாள். அதே பத்துத் தையல், அதே செயற்கை நூல். இடுக்கியால் இழுத்தாள். நூல் அறுபடவில்லை. தபால்தலையைக் கிழிப்பது போல, துளை வரிசை நெடுகத் தோல் கிழிந்து வந்தது.

அது மெல்லிய தோல், அங்கவடி வார் தடித்த தோல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவளும் தனக்கு அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தேநீரைக் குடிக்கவில்லை.

5

டெஸ் போனை எடுக்கவில்லை. போட்டித் திடல் நாற்பது கிலோமீட்டர்.

என் முதல் பிரதியில் நெரிடாவின் கார் கிளம்பாமல் மக்கர் செய்தது. அவள் பள்ளிப் பேருந்தையே எடுத்துக்கொண்டு புழுதி பறக்க—

“எடு அதை. வேலைய விட்டே தூக்கிடுவாங்க” என்றாள்.

“கதைக்கு நல்லா இருக்கே.”

“கதையா எனக்குச் சம்பளம் குடுக்குது?”

எடுத்துவிட்டேன். காரில்தான் போனாள். கார் ஒழுங்காக ஓடியது.

திடலை அடைந்தபோது ஒலிபெருக்கி டெஸ்ஸின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. காலைச் சுற்றில் டெஸ் நன்றாக ஓட்டியிருந்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக இறுதிச் சுற்று. பெயரைக் கூப்பிட்டால் உடனே உள்ளே போக வேண்டும், தாமதித்தால் அடுத்த ஆள். வாசலுக்குப் பக்கத்தில் பிஸ்கட்டின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு டெஸ் நின்றாள். வேலியில் சாய்ந்து காலின் ஹாட்லோ தொத்திறைச்சி ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

“டெஸ், ஏறாத. அந்தத் தையல் சரியில்ல.”

“என்ன நெரிடா சொல்ற? காலைல தாங்குச்சே.”

“காலைல தாங்குச்சு. இப்ப தாங்குமான்னு தெரியாது.”

“அட, ரிப்பன் வாங்கின தையல் அது” என்றான் காலின், வாய் நிறைய ரொட்டியோடு. “இப்படிப் பத்து போட இந்த ஜில்லாவுலயே ஆளு இல்ல.”

டெஸ் சிரித்துக்கொண்டே இடது காலை அங்கவடியில் வைக்கத் தூக்கினாள்.

(எனது இரண்டாம் பிரதியில் இங்கே நெரிடா அரைப் பக்கம் பேசினாள். நன்றாகவும் பேசினாள். “பேச எங்க நேரம் இருந்துச்சு?” என்று கேட்டு அதையும் எடுக்க வைத்துவிட்டாள்.)

நெரிடா இடுப்பு உறையிலிருந்து தோல் வெட்டும் கத்தியை எடுத்தாள். தையலுக்கு ஒரு சாண் கீழே, ஒரே இழுப்பில் வாரை அறுத்தாள். கத்தி போன வேகத்தில் கட்டைவிரலும் வெட்டுப்பட்டது. அங்கவடி புழுதியில் விழுந்தது.

யாரோ ஓடிப்போய் வேறு வார் கொண்டுவந்தார்கள். அதை மாட்டி, உயரம் சரிபார்ப்பதற்குள் ஒலிபெருக்கி அடுத்த பெயரைச் சொல்லிவிட்டது. டெஸ் குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

6

நல்ல கதைசொல்லி இங்கே நிறுத்தியிருப்பான். நான் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் நெரிடா தாமதமாக வருகிறாள், வளைவில் வார் கிழிகிறது. எழுதி முடித்ததும் டெஸ் கடைக்கு வந்து இருமல் மருந்து கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

இரண்டாவதில் டெஸ் பெருந்தன்மையாக மன்னிக்கிறாள். அது சுத்தப் பொய். இரண்டு மாதம் அவள் நெரிடாவின் பக்கம் தலையைத் திருப்பவில்லை. ஊரும் இரண்டாகப் பிரிந்து என் கடை வாசலிலேயே வாதாடியது. ‘உயிரைக் காப்பாத்துனா’ என்று பாதி, ‘கிழவிக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு’ என்று பாதி. காலின் இரண்டாவது கட்சி. அவன் எண்ணிக் கொடுத்த ரிப்பன் ஆயிற்றே.

மூன்றாவது முடிவை டெஸ்ஸே கொண்டுவந்தாள். அறுத்த வாரை அவள் தூக்கிப் போடவில்லை. கொக்கியும் பத்துத் தையலும் அதில் அப்படியே இருந்தன.

“எங்க கொட்டகைல எஞ்சின் தூக்குற சங்கிலி இருக்கு. இதை மேல கட்டி, கீழ பழைய லாரி எஞ்சினை மாட்டி இழுப்போம். தாங்குதா கிழியுதான்னு தெரிஞ்சுடும். ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிக்கிட்டு வா, மாத்திரை. நீதானே எழுதுற? வந்து கண்ணால பாத்து எழுது.”

7

போனோம். நெரிடா ரிப்பனைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டிருந்தாள் என்று எழுத ஆசை. கழற்றவில்லை. “நல்லாத் தெச்சதுக்குத்தான் குடுத்தாங்க. தப்பான எடத்துல தெச்சது நான்” என்றாள்.

கொட்டகையில் வார் உத்தரத்துச் சங்கிலியிலிருந்து தொங்கியது. கொக்கியில் எஞ்சினைப் பிணைத்திருந்தார்கள். சங்கிலியை இழுத்தால் எஞ்சின் கீழே வைத்த கட்டையை விட்டு எழும்பும், முழு எடையும் அந்தத் தையலின் மேல் வரும். டெஸ் சங்கிலியைக் கையில் பிடித்தாள். நான் நோட்டைத் திறந்தேன்.

“தாங்கிடுச்சுன்னா என்ன சொல்லுவ?” என்று கேட்டாள் டெஸ்.

“தாங்கிடுச்சுன்னா உன் ஃபைனலை நான்தான் பிடுங்கிட்டேன். மன்னிப்பு கேட்டுக்கறேன்.”

“கிழிஞ்சுச்சுன்னா?”

“அப்பவும் மன்னிப்பு கேக்கணும்.”

“அப்ப எதுக்கு?”

நெரிடா கட்டைவிரலில் இருந்த தழும்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“காலைல அதுல ஒரு சுத்து ஓட்டினியே டெஸ். நான் வீட்டுல டீ போட்டுக்கிட்டு இருந்தேன்.”

டெஸ்ஸின் முகம் மாறியதைப் பார்த்தேன். இரண்டு மாதமாக அவள் ஓட்டாத அந்தச் சுற்றைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டிய சுற்றை இப்போதுதான் நினைத்தாள். வளைவு, பாய்ச்சல், இடது காலின் முழு எடை, எல்லாம் அந்தப் பத்துத் தையலின் மேல்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், இரண்டடி தள்ளி நின்றவன். ஆனால் எழுதப் போவதில்லை. கிழிந்தது என்று எழுதினால் நெரிடா செய்தது சரி என்று நீங்கள் முடிவுகட்டிவிடுவீர்கள். தாங்கியது என்று எழுதினால் தப்பு என்று முடிவுகட்டிவிடுவீர்கள். கத்தியை எடுத்த நிமிஷத்தில் அவளுக்கு இரண்டும் தெரியாது. உங்களுக்கும் தெரிய வேண்டாம்.

இழுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றால் இழுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை நெரிடாவின் முகத்தைப் பாருங்கள். டெஸ் பார்த்தாள்.