சர்வரில் இன்னொரு ஆள்

பட்டியலில் இரண்டு பெயர் இருக்கக் கூடாது. இருந்தது.

வவாவூ தீவு மருத்துவமனையின் மின்னஞ்சல் சர்வரைத் தலைநகர் நுகுஅலோஃபாவிலிருந்து நிர்வகிப்பவள் நான் ஒருத்திதான். இப்போது யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்தால், 'நிர்வாகி' இரண்டு முறை வந்தது. ஒன்று நான்.

"பௌலியாசி..." என்று கூப்பிட்டேன்.

கணவன் சர்ச்சுக்கு உடுத்தும் இடுப்புப் பாயைக் கட்டிக்கொண்டே வந்தான். "சர்ச்சுல முதல் மணி அடிச்சாச்சு லோசா. ஞாயித்துக்கிழமையில வேலையா? நம்ம நாட்டுச் சட்டப்படி குத்தமாச்சே! போலீஸ் வந்தா உன்னை யாருன்னே தெரியாதுன்னு சொல்லிடுவேன்."

"யாரோ உள்ள இருக்காங்க. நான் அவனைப் பாக்கற மாதிரி அவனும் என்னைப் பாக்கலாம்."

அவன் சிரிப்பு நின்றது. தீவில் யாருக்கு என்ன வியாதி என்பதெல்லாம் அந்தக் கடிதங்களில்தான் இருக்கிறது.

"எப்படி நுழைஞ்சான்?"

"கடவுச்சொல்லை வச்சு. உன் பேரும் நம்ம கல்யாணத் தேதியும்."

"அடிப்பாவி! வவாவூவே வந்து சாப்பிட்ட கல்யாணமாச்சே அது!"

பதில் சொல்ல நேரமில்லை. இனி கடவுச்சொல் செல்லாது. என் கணினியில் உள்ள சாவிக்கோப்பு வேண்டும், அதுவும் அலுவலக இணைப்பிலிருந்து வந்தால் மட்டும் என்று மாற்றினேன். திரையில் ஏற்கனவே திறந்திருந்த பழைய ஜன்னலை மூடாமல், புதிய ஜன்னலில் நுழைந்து பார்த்தேன். அனுமதி இல்லை. மறுபடியும் இல்லை.

நான் வீட்டில் அல்லவா இருக்கிறேன்! பயத்தில் வீட்டு இணைப்பின் எண்ணைச் சேர்க்கவே இல்லை.

பழைய ஜன்னல் ஒன்றுதான் மிச்சம். மடிக்கணினியை மூடினாலே அது அறுந்துவிடும். அது போனால் நான் வெளியே, அவன் உள்ளே. ஞாயிறு என்பதால் வவாவூவுக்கு இன்று விமானமும் இல்லை, கப்பலும் இல்லை. அங்கே சர்வர் அறைச் சாவி வைத்திருப்பவர் போனை வீட்டில் வைத்துவிட்டு சர்ச் பாடகர் குழுவில் நின்றிருப்பார்.

"சரி, வந்து பாத்துக்கலாம் வா," என்று பௌலியாசி மடிக்கணினியின் மூடியை அழுத்தினான்.

"தொடாதே!"

அவன் மணிக்கட்டில் என் நகம் பதிந்தது. பாதி மூடிய திரையை நிமிர்த்தினேன். பழைய ஜன்னல் இன்னும் உயிரோடு இருந்தது. வீட்டு எண்ணைச் சேர்க்க மூன்று முறை தப்பாக அடித்தேன். நான்காவது சரியாக விழுந்தது. புதிய ஜன்னல் திறந்தது; பழையதை மூடினேன்.

கதவைப் பூட்டியாயிற்று. ஆனால் உள்ளே இருப்பவன் தானாகப் போக மாட்டான், வெளியே தள்ள வேண்டும். தள்ளுவதற்கு முன், அவன் எங்கிருந்து வந்தான் என்று அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இருந்த எண்ணைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். தள்ளினேன். பட்டியலில் ஒரே பெயர்.

"போயிட்டானா?"

"போயிட்டான். பௌலியாசி, அவன் வெளியூர்க்காரன் இல்ல. ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கற கம்ப்யூட்டர்ல உக்காந்துதான் வந்திருக்கான்."

இரண்டாவது மணி அடித்தது. பௌலியாசி இடுப்புப் பாயை அவிழ்த்தான். அலமாரியிலிருந்து எங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, அதில் ஆஸ்பத்திரிக்காரர்களின் முகங்களைத் தேட ஆரம்பித்தான்.