ஒன்பது மடங்கு

தோல் பந்து வீட்டுக்குள் வரக்கூடாது என்று ருக்கு கணவனை வாசலிலேயே மறித்துவிட்டாள். பௌதிகம் கற்பிக்கும் ஆராவமுதன் கல்லூரிக் கால்பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு பெங்களூர் மல்லேஸ்வரம் வரை நடந்தே வந்திருந்தான். மூன்று வருஷமாகத் தற்காலிக உத்தியோகம். சனிக்கிழமை பரிசோதகர் வகுப்பைப் பார்க்க வருகிறார். அன்று காட்டப்போகும் சோதனையை வீட்டில் ஒத்திகை பார்க்கத்தான் பந்து. அவர் நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"அது மாட்டுத் தோல். வேணும்னா கம்பளியில சுத்திக்கோங்கோ. கம்பளிக்குத் தீட்டில்லை," என்றாள் ருக்கு.

கம்பளி சுற்றிய பந்தின் தலையில் சின்ன ரப்பர் பந்தை வைத்து, இரண்டையும் சேர்த்துக் கீழே விட வேண்டும். பெரியது தரையில் மோதி எழும்போது, மேலே இறங்கி வரும் சின்னதை முட்டும். பெரியதற்கு அது உறைக்கவே உறைக்காது. சின்னதோ விழுந்த உயரத்தைப் போல ஒன்பது மடங்கு எகிற வேண்டும். கணக்கு அப்படித்தான் சொன்னது. கூடத்தில் அது இடுப்பைக்கூட எட்டவில்லை.

ஆராவமுதன் கம்பளியைச் சந்தேகிக்கவே இல்லை. புத்தகம் எழுதுகிறவர்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று முடிவு கட்டினான். பாவம், நல்ல மனிதன். இந்தத் துளித் தாவலைப் பரிசோதகர் தூரத்திலிருந்து எப்படிப் பார்ப்பார் என்று கவலைப்பட்டு, அவர் நாற்காலியை மேஜையை ஒட்டியே போடச் சொன்னான்.

கல்லூரியில் தீட்டுப் பார்க்க யாருமில்லை. கம்பளி வீட்டிலேயே தங்கிவிட்டது. பரிசோதகர் சீனிவாசராகவன் சரிகைத் தலைப்பாகையோடு ஆவலாக முன்னால் குனிந்தார். பக்கத்தில் முதல்வர் மதலைமுத்து. ஆராவமுதன் பந்துகளைக் கீழே விட்டான்.

சின்னப் பந்து போனதை யாரும் பார்க்கவில்லை. தலைப்பாகை போனதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அது கடைசி பெஞ்சில் போய் விழுந்தது. ஆராவமுதன் ருக்குவிடம் என்ன சொல்வது என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டான்.

பரிசோதகர் வெறுந்தலையைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"ஏன்ரீ இது?" என்ன இது என்று கன்னடத்தில் கேட்டார்.

"மொமெண்டம், சார்," என்றான்.

"இன்னொந்து சல, இன்னொரு தடவை போடுங்க." கையை நீட்டினார். "வேண்டாம், இப்படிக் குடுங்க. நானே போடறேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு, பஞ்சகச்சத்தை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜைமேல் ஏறினார்.

"மதலைமுத்து, நீங்க என் சேர்ல உக்காருங்க. அங்கேருந்துதான் நல்லாத் தெரியுது."

முதல்வர் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார். பந்துகள் மேலே உயர உயர, தன் வழுக்கையை இரண்டு கைகளாலும் மெல்ல மூடிக்கொண்டார்.