தொட்டிக்குள் பீட்ரூட் சாறு

"தாத்தா, உள்ளே யாருமே இல்லையே, டாய்லெட் ஏன் தானா தண்ணி இழுக்குது?"

போன மாதம் டூலூத் நகரத்தில் இருக்கும் தாத்தா வீட்டுக்கு வந்திருந்தபோது ஐந்து வயதுப் பேத்தி இங்க்ரிட் கேட்டாள். வெர்னன் ஹால்வர்சன் சிரித்தார், மறந்தும் போனார். இன்று மகள் மார்லிஸ் தண்ணீர் பில்லை மேசைமேல் வைத்தபோதுதான் அந்தக் கேள்வி திரும்ப அவர் காதில் விழுந்தது.

"மூணு மடங்குப்பா! குழாயைத் திறந்துட்டு மறந்துடறீங்க. இனிமே தனியா இருக்க வேண்டாம். முதியோர் இல்லத்துல ஒரு ரூம் இருக்கு. நாளைக்குள்ள பதில் சொல்லணும்."

"எனக்கா மறதி? உனக்கு முதல்ல விழுந்த பல் எதுன்னு சொல்லட்டுமா?"

"பல்லை விடுங்க. தண்ணி எங்கே போச்சு?"

"காட்டறேன். ஃப்ரிட்ஜ்ல பீட்ரூட் ஊறுகாய் ஜாடி இருக்கு, எடுத்துட்டு வா."

"இது சாப்பிடற நேரமா?"

வெர்னன் கழிப்பறைத் தொட்டியின் மூடியைத் தூக்கி, சிவந்த சாறு முழுவதையும் உள்ளே கவிழ்த்தார்.

"இருபது நிமிஷம் யாரும் கைப்பிடியைத் தொடக் கூடாது. அவசரம்னா பக்கத்துல லுண்ட் வீட்டுக்குப் போ."

"அவங்க காபி ஊத்தியே கொன்னுடுவாங்க!"

அவர் தலை குனிந்து அமர்ந்தார். வாய் ஏதோ ஜெபத்தை முணுமுணுத்தது. பயந்தவர் போலத் தெரியவில்லை. கேட்டது கிடைக்கும் என்று இருப்பவர் போலத்தான் இருந்தார்.

இருபது நிமிடத்தில், கீழே டாய்லெட் கிண்ணத்துத் தண்ணீர் இளஞ்சிவப்பாகியிருந்தது.

"பாத்தியா? அடியில இருக்கற ரப்பர் மூடி கசியுது. தொட்டித் தண்ணி இறங்கினா மிதவையும் இறங்கும், உடனே தண்ணி தானா ரொம்பும். ராத்திரி பகலா இதே வேலை."

சுவரோரத் தண்ணீர் வால்வை மூடி, தொட்டியைக் காலி செய்து, சங்கிலியைக் கழற்றி ரப்பரை எடுத்தார். அது சுருங்கி வளைந்திருந்தது. தொட்டியின் அடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கூடு, வெறுமையாக.

மார்லிஸின் முகம் மாறியது. கிறிஸ்துமஸுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது இரண்டு கழிப்பறைத் தொட்டிகளிலும் இதே மாதிரிக் கூட்டில் கறை போக்கும் பிளீச் மாத்திரை போட்டவள் அவள்தான். அதுதான் ரப்பரைத் தின்றிருக்கிறது.

வெர்னனும் கூட்டைப் பார்த்தார். மெல்ல எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ரப்பர்னா கெட்டுத்தான் போகும்மா. புதுசு போட்டா ஆச்சு."

மார்லிஸ் வராந்தாவுக்குப் போய் தொலைபேசியில் பேசினாள். "அந்த ரூமை வேற யாருக்காவது குடுத்துடுங்க. எங்கப்பா வீட்டுலயே இருப்பார்."

பழி சொல்ல இடமிருந்தும் சொல்லாமல் விடுகிறவர்களால்தான் பல வீடுகள் நிற்கின்றன.

அடுத்த ஞாயிறு, அப்பா தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், மார்லிஸ் தன் சாவியால் வீட்டைத் திறந்தாள். மாடிக் கழிப்பறையில் முட்டிபோட்டுத் தண்ணீர் வால்வை மூடினாள். இரண்டாவது கூட்டை வெளியே எடுத்தாள். புது ரப்பரை மாட்டி, சங்கிலியைக் கொஞ்சம் தொய்வாகக் கோத்தாள். தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தாள். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு போனாள்.