ரோஜாவைப் பார்க்க வந்த வண்டு

1

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஞாயிறுதோறும் நான் பிளம் கேக் வைத்துத் தின்னும் பீங்கான் தட்டின் மேல் சத்தியம். கதை பிறந்ததும் அந்தத் தட்டில்தான்.

‘எல்பே ஆற்றின் மேல் பனி இறங்கிய ஒரு...’ (அடித்துவிட்டேன். ஆற்றுக்கு இதில் வேலையில்லை.)

2

வேலை ஒட்டீலிக்கு. எங்கள் பீங்கான் ஆலைக்கு ரோஜா வரையப் புதிதாக வந்தவள். தேர்வுக்கு மூன்று தட்டுகள், தேறாத இரண்டை உடைத்துவிட்டார்கள். மூன்றாவதும் உடைந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். தூரிகையை எடுத்த பிறகே பார்த்தாள்: விளிம்பில் சூளை விட்டுவைத்த கரும்புள்ளி, கடுகளவு. வெள்ளைத் தட்டை வாங்கும்போதே பார்க்காதது வரைபவரின் குற்றம்.

இதற்கு எங்களிடம் வைத்தியம் உண்டு. புள்ளிமேல் ஒரு ஈயோ வண்டோ வரைந்துவிடுவோம். (சீமாட்டிகள் மெச்சிய பூச்சிகள் பலவும் எங்கள் ஓட்டைகளே.)

பரிசோதகர் லோய்ஷ்னருக்கும் இது தெரியும். பூச்சியைக் கண்டால், வண்ணம் சூளைக்குப் போகுமுன் கத்தியால் சுரண்டிப் பார்ப்பார்.

3

லோய்ஷ்னரைக் கொடியவராக்க ஒரு வாரமாக முயல்கிறேன். முரட்டு மீசை வைத்தேன்; அழகாகிவிட்டார். மூலவியாதி கொடுத்தேன், பாவமாகிவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.

4

நான்தான் சொன்னேன்: “ரோஜாவை விரலளவு நகர்த்திப் புள்ளி மேலயே போடு, பொண்ணே. பூச்சிய நான் வேற இடத்துல போடறேன்.”

“அங்க புள்ளியே இல்லையே!”

“அதான் விசேஷம்.”

வெறும் வெள்ளையில் ஒரு பொறிவண்டு வரைந்தேன்.

மறுநாள் லோய்ஷ்னர் அதைச் சுரண்டினார். அடியில் பால்வெள்ளை.

“இது எதுக்கும்மா இங்க வந்துச்சு?”

“ரோஜாவைப் பார்க்க, ஐயா.”

“இருபது வருஷத்துல வேலைவெட்டி இல்லாம வந்த பூச்சி இது ஒண்ணுதான்.”

கத்தி ரோஜாவின் பக்கம் போனது. நின்றது.

“ரோஜா கொஞ்சம் நகர்ந்து உக்காந்திருக்கே?”

“காத்து, ஐயா.”

“காத்துதான். வண்டைத் திரும்ப வரைஞ்சு சூளைக்கு அனுப்பு.”

5

ஏன் நின்றது கத்தி? கண் மங்கல் என்று முடிக்கலாம். பசிவேளை என்றும் முடிக்கலாம். பிடித்ததை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டீலி இன்றும் ரோஜா வரைகிறாள். நான் ஓய்வு பெற்ற அன்று அந்தத் தட்டைக் கொண்டுவந்து வைத்து, “உங்க கைக்கு நன்றி” என்றாள். நன்றி சொல்லவேண்டியவன் நான். அவளால்தான் என் கை ஒரு நாளாவது நல்ல கையாக இருந்தது.

கடைசியாக ஒரு தகவல்: அந்த ஆலையில் நான் தூரிகையைத் தொட்டதே இல்லை, என்னிடம் இருந்தது கத்தி மட்டும்.