ஓசைப்படாத கிண்ணம்

1

இந்தக் கதை ஒரு மனிதரிடமிருந்து வரவில்லை, ஒரு சாமானிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

புதுக்கடைச் சந்திப்புக்குத் தெற்கே ஒரு வீட்டில் பழைய மேசை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மேசையைக் கரையான் முடித்திருந்தது. அதன் கல்லாப்பெட்டியை மட்டும் உருவியெடுத்து, வீட்டுக்காரர் ஊக்கும் பொத்தானும் நூல்கண்டும் போட்டு வைத்திருந்தார். உள்ளே வரிசையாக ஐந்து பித்தளைக் கிண்ணங்கள். நான்கு வெறும் பித்தளை. இடது ஓரத்துக் கிண்ணத்தில் மட்டும் கறுப்புத் துணி ஒட்டியிருந்தது.

"இதில மட்டும் என்ன துணி?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும்? நமக்குக் கிட்டும்போதே அப்பிடித்தான்" என்றார். "மேசையை எடுக்கியளா, மாட்டியளா?"

எடுக்கவில்லை. துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். பெட்டி உண்மை, ஐந்து கிண்ணங்களும் உண்மை. மற்றதெல்லாம் வீடு திரும்பும் வழியில் நான் கட்டியது.

2

ஆரம்பங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

"1926-ஆம் வருஷம், மேன்மை தங்கிய சர்க்கார் ஒரு ரூபாய்த் தாளை அச்சிடுவதை நிறுத்திக்கொண்டதன் விளைவாக, திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடியில் வியாபாரப் பெருமக்கள்—"

வேண்டாம். செய்தி சரி, குரல்தான் என்னுடையதல்ல. என் கதையில் வரப்போகும் துணிக்கடைக்காரர் ஞானதாசன் பேசுகிற குரல் அது. அவர் இன்னும் உள்ளே வரவில்லை, அதற்குள் பேனாவைப் பிடுங்குகிறார்.

"ஜெபகனியின் தங்கைக்குச் சயரோகம். இருமும்போதெல்லாம்—"

இதுவும் வேண்டாம். தங்கைக்கு நோயைக் கொடுத்தது கண்ணீருக்காக. அவளுக்குப் பசியே போதும்.

ஆகவே இப்படித் தொடங்குகிறேன்: ஜெபகனி வாரம் ஒரு ரூபாயைத் தன் புருஷன் கடையிலிருந்தே திருடினாள்.

3

ஜெபகனி ஞானதாசனின் மனைவி. புதுக்கடைச் சந்தையில் துணிக்கடை. முன்னால் மேசையில் அவள் இருப்பாள். உள்ளறையில் சாய்வுநாற்காலியில் அவர் பத்திரிகை படிப்பார். சபைக் கமிட்டியில் அவர் பொக்கிஷதாரர். மீன மாத வெயிலிலும் கறுப்பு அல்பாக்காக் கம்பளிக் கோட்டுப் போடுகிற ஒரே மனிதர் அந்தச் சந்தையில் அவர்தான். கோட்டின் உட்பையில் ரூபாய்த் தாள்கள் மடியாமல் இருக்கும். தாள்தான் நாகரிகம் என்பார். சக்கரமும் காசுமான சில்லறை நாணயங்கள் மீன்காரிகளுக்கு உள்ளவை. ஆகவே சில்லறை மேசைக்கடியில் ஒரு தகர டப்பாவிலும், தாள்கள் மேலே கல்லாப்பெட்டியிலும் வாழ்ந்தன. யுத்தகாலத்தில் ஒரு ரூபாய்த் தாள் வந்தபோது அவரே அளவு சொல்லிச் செய்வித்த பெட்டி அது. ஆழமில்லாதது, ஓலைச்சுவடி வைக்கத் தோதான நீளம், அடியில் மெல்லிய பலகை.

தங்கை ஜெயபாய் பூதப்பாண்டியில் இருந்தாள். ஒரு இந்து வாத்தியாரைக் கட்டிக்கொண்டு போனவள். இந்தப் பக்கம் சபைப் பேரேட்டில் அவள் பெயரை வெட்டினார்கள். கமிட்டியில் அதை எழுந்து நின்று முன்மொழிந்தவர் ஞானதாசன். அந்தப் பக்கம் வாத்தியாரின் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்கள் அவருடைய வாத்தியார் வேலையை வெட்டினார்கள். இரண்டு பக்கத்துத் தெய்வங்களுக்கும் திருப்தி. நடுவில் ஒரு கைக்குழந்தை.

சனிக்கிழமைதோறும் பக்கீர் முகம்மது தேங்காப்பட்டணத்துக் கருவாட்டை வண்டியிலேற்றிப் பூதப்பாண்டிப் பக்கம் கொண்டுபோவார். கடை வாசலில் நின்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். ஜெபகனி பெட்டியைத் திறந்து ஒரு தாளை எடுப்பாள். தாள் சத்தம் போடாது. ஒரு துண்டு மல்துணியில் மடித்துக் கொடுப்பாள்.

"தங்கச்சிக்கு இதக் குடுத்திருங்க, பக்கீர் காக்கா."

"துணிதானே?"

"துணிதான்."

அவருக்கும் தெரியும். அந்த ரூபாயில்தான் பூதப்பாண்டியில் அரிசி வாங்கினார்கள்.

(கணக்கில் எப்படித் தெரியாமல் போயிற்று என்று ஒரு வாசகர் கேட்பார். கணக்குப் பார்ப்பது குமாஸ்தா வேலை என்பது ஞானதாசனின் கொள்கை. மாலையில் அவளே பார்த்தாள். அரித்த துணி என்று ஒரு வரி எழுதினாள். பூச்சியின்மேல் பழி போட்டால் பூச்சி கமிட்டிக்கு வராது.)

4

ஒரு ரூபாய்த் தாள் அச்சாவது நின்றது. கையிலிருந்தவை கிழிந்து, கறுத்து, திரும்பி வராமல் போயின. சந்தைக்கு மறுபடி வெள்ளி ரூபாய் வந்தது.

ஆழமில்லாத பெட்டியில் ரூபாய்கள் ஒன்றின்மேலொன்று வழுக்கி, பின்பக்கம் ஓடி ஒளிந்தன. இழுத்தால் பெட்டி வராது, வந்தால் நிற்காது. ஒருநாள் போதகர் வேட்டி எடுக்க வந்திருக்கையில் ஞானதாசன் கம்பீரமாக இழுத்தார். அடிப்பலகை கழன்றது. ரூபாய்கள் தெருவரைக்கும் உருண்டன. போதகர் குனிந்து பொறுக்கினார். ஞானதாசனால் குனிய முடியவில்லை. கோட்டு இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் சுயம்பு ஆசாரியைக் கூப்பிட்டார். ஒரே இரவில் அவருடைய நாகரிகம் உலோகத்துக்கு மாறியிருந்தது.

"தாளு எல்லாம் மாயை, ஆசாரி. நாணயம்னா வெள்ளிதான். தடியா பலகை போட்டு ஆழமா அஞ்சு குழி வெட்டணும். ஒவ்வொண்ணிலயும் பித்தளைக் கிண்ணம் எறக்கணும். ரூவா விழுந்தா டிங்குனு ரோட்டுக்குக் கேக்கணும்."

"கேக்க வச்சிரலாம் மொதலாளி" என்றார் சுயம்பு. "ரோட்டுல போறவன் உள்ள வாறதும் வராததும் ஒங்க துணிக்க கொணம்."

ஜெபகனி மல்லை அளந்துகொண்டிருந்தவள், முழம் விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து அளந்தாள். உள்ளறையிலிருந்து அவர் காது இனி எல்லாவற்றையும் கேட்கும். வாங்க ஆளில்லாத நேரத்தில் அவள் ரூபாய் எடுக்கப் பெட்டி டிங் என்றால், "ஆருட்டி வந்தது?" என்று ஒரு குரல் வரும்.

மாலையில் சோறு போடும்போது சொன்னாள்: "கிண்ணம் நல்லாத்தான் இருக்கும். பெரியநாயகி மீன் விக்கும்போ சட்டியில காசு போடுவாளே, அதே சத்தம் கேக்கும்."

அவர் கை சோற்றில் நின்றது.

"கொல்லத்துப் பெரிய கடையிலெல்லாம் கிண்ணத்துக்குள்ள துணி வச்சிருப்பாவளாம்" என்றாள். அவள் கொல்லம் போனதில்லை.

"எனக்குத் தெரியாதா? நானே சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார் ஞானதாசன். "நம்ம கடைத் துணியில கை வைக்காத. பழசு எதாச்சும் பாரு."

5

இங்கேதான் ஜெபகனி தப்புச் செய்தாள். வேறு ஊரில், வேறு வீட்டில் யாரும் செய்ய முடியாத தப்பு.

காசு விழுந்தால் சத்தம் வராத துணி எது என்று யோசித்தாள். அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கோல் நுனியில் கட்டி வரிசை வரிசையாக நீட்டுவார்களே, அந்தக் காணிக்கைப் பை. சிவப்பு வெல்வெட். யார் ரூபாய் போட்டார், யார் காசு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகவே அப்படி. புதுப் பைகள் வந்தபிறகு பழையவற்றை எரித்துவிடும்படி பொக்கிஷதாரரிடம் கொடுத்திருந்தார்கள். கோயிலில் புழங்கியது வேறெதற்கும் புழங்கக்கூடாது என்பது சபை வழக்கம். எரிக்க வேண்டியவை வீட்டில் அவர் டிரங்குப் பெட்டியில் கிடந்தன.

ஜெபகனி அவற்றை வெட்டினாள். விளிம்பு மடித்துத் தைத்தாள். கைப்பிடித் துணிக்குக்கூட விளிம்பு மடித்துத் தைக்கிறவள் அவள். (இதை நினைவில் வையுங்கள்.) புளியங்கொட்டைப் பசையால் ஒட்டினாள். ஐந்து கிண்ணங்களும் ஊமையாயின.

சில சனிக்கிழமைகள் போயின. ரூபாயும் போயிற்று.

[இங்கே ஜெயபாயின் குழந்தை சிரிப்பதாக ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அது சாப்பிட்டது. அவ்வளவு போதும்.]

பிறகு ஞானபாய் ஜம்பர் துணி வாங்க வந்தாள். பைகளைத் தைத்துக் கொடுத்தவளே அவள்தான். பாக்கி ரூபாய்க்காகக் கழுத்தை நீட்டிப் பெட்டிக்குள் பார்த்தாள்.

"ஏட்டி ஜெபகனி, இது நான் தச்ச பையில்லியா?"

"செவப்பெல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும், மயினி."

"செவப்பு ஒண்ணுபோல இருக்கும். எனக்க கோணத் தையல் ஒண்ணுபோல இருக்குமா, மக்கா?"

6

ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. பெண்கள் பக்கத்தில் ஜெபகனி. மேசையில் கல்லாப்பெட்டி, சாட்சிபோல.

செயலாளர் யோவான் கேட்டார்: "அண்ணாச்சி, கர்த்தருக்குண்டான துணி ஒங்க கல்லாவில எப்பிடி?"

ஞானதாசன் எழுந்தார். கோட்டைச் சரிசெய்தார். பேச்சென்று வந்தால் அவருக்குப் பயம் கிடையாது. "சகோதரரே, எனக்க வியாபாரமே ஒரு காணிக்கை. அந்தப் பக்தியினாலே—"

"அப்போ அதில விழுந்ததெல்லாம் சபைக்குத்தானே?"

கூடத்தில் யாரோ இருமினார். ஞானதாசன் பக்தியை அங்கேயே இறக்கி வைத்தார்.

இதுவரை எனக்குச் சுலபம். இந்த மனிதரை வைத்து நான் இன்னும் நாலு பக்கம் ஓட்டுவேன். ஆனால் யோவான் விடவில்லை. அடுத்த கேள்வி கேட்டார்.

"அது கெடக்கட்டும். சொந்தக் கடையில ரூவா சத்தம் கேக்காம இருக்க எதுக்குத் துணி? ஆருக்குப் பயந்து?"

அவர் செய்ய வேண்டியது சுலபம். "வீட்டுக்காரி வச்சா" என்றால் அவர் தப்பினார். பிறகு கேள்வி அவளிடம் வரும். ஏன் என்று வரும். சனிக்கிழமை, கருவாட்டு வண்டி, பூதப்பாண்டி, வெட்டப்பட்ட பெயர் என்று ஒவ்வொன்றாக வரும். அதோடு அந்த அரிசி நிற்கும்.

ஞானதாசன் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். சற்று அதிகமாகவே பார்த்தார். பிறகு சொன்னார்:

"எனக்குச் சத்தம் ஆகாது. தலைநோவு. நாந்தான் வைக்கச் சொன்னேன்."

ரோட்டுக்குக் கேட்கணும் என்றவர்.

அங்கே என் பேனா நின்றது.*

* நின்றது என்றால் நிஜமாகவே நின்றது. இந்த வரியை நான் யோசித்து வைக்கவில்லை. அவர் தன் மானத்தைக் காக்க அப்படிச் சொல்லியிருக்கலாம். மனைவியை அடக்கத் தெரியாதவன் என்று பெயர் வாங்குவதைவிடத் தலைநோவு கௌரவம். என் பழைய ஞானதாசன் என்றால் இதுதான் காரணம். வேறு காரணம் இருந்தால் அவரை எனக்குத் தெரியாது.

கமிட்டி தீர்மானித்தது: வெல்வெட்டைப் பிய்த்து எரிக்க வேண்டும். கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் எரித்தார்கள். கிண்ணங்கள் வெறும் பித்தளையாயின.

வீட்டு வாசலுக்கு வந்ததும் அவர், "ஜெயபாய்க்க பிள்ளைக்கு இப்ப எத்தற வயசிருக்கும்?" என்றார்.

[இந்த வரியை மூன்றுமுறை அடித்தேன். அடித்த கோட்டுக்குக் கீழேயும் படிக்க முடிகிறது. இருக்கட்டும் என்றால் அவர் நல்லவராகிவிடுகிறார். வேண்டாம் என்றால் நான் சிறியவனாகிவிடுகிறேன். இருக்கிறதா இல்லையா என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.]

7

இனி கறுப்புத் துணிக்கு வருகிறேன். அது அல்பாக்கா. நான் தொட்டபோதே தெரிந்தது. ஓரத்தில் ஒரு பொத்தான் துளை, பைவாயின் தையல். ஒரு கோட்டின் உட்பையைத்தான் வெட்டியெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். தாள் நின்றபிறகு அந்தப் பையில் வைக்க ஒன்றுமில்லை.

வெட்டியது யார்?

ஒரு முடிவு: சனிக்கிழமை விடியுமுன் ஜெபகனி வெட்டினாள். தங்கை காத்திருக்கிறாள், வேறு வழியில்லை. மறுநாள் ஆராதனைக்குக் கோட்டு மாட்டும்போது அவர் கை உட்பையைத் தேடும். நேராக விலாவைத் தொடும். அதற்குப்பின் என்ன என்பது பெரிய சண்டையாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம்.

இன்னொரு முடிவு: அவரே வெட்டினார். சமஸ்தானத்தின் தென்கோடியில் வியாபாரப் பெருமகன் ஒருவர் சமையலறைக் கத்தரியைத் தேடியெடுத்து—

முடிக்க வரவில்லை. இந்த மனிதரை இத்தனை பகுதிகளாகக் கேலி செய்திருக்கிறேன். கடைசியில் அவர் கையில் ஒரு கத்தரியைக் கொடுத்தால், கேலியெல்லாம் என் பக்கம் திரும்பி நிற்கிறது.

நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். துணியின் விளிம்பு மடித்துத் தைக்கப்படவில்லை. பிசிறு பிசிறாக, கோணலாக வெட்டியிருந்தது. பசை வழிந்து பித்தளையில் காய்ந்திருந்தது. ஆனால் அவசரத்தில் யார் கையும் கோணும். அவள் கையும்தான்.

8

சனிக்கிழமை.

வண்டிமாட்டின் சலங்கை வாசலில் வந்து நிற்கிறது. பக்கீர் முகம்மது வாளியை எடுக்கிறார். கருவாட்டு வாடை கடைக்குள் வருகிறது. உள்ளறையில் சாய்வுநாற்காலி, விரித்த பத்திரிகை, அதற்குப் பின்னால் ஞானதாசன். ஜெபகனியின் மடியில் ஒரு துண்டு மல்லு தயாராக இருக்கிறது. அவள் கை கல்லாப்பெட்டியின் பிடியில்.

இடது ஓரத்துக் கிண்ணத்தில் கறுப்புத் துணி இருக்கிறது. மேலே ஒரே ஒரு ரூபாய். அதைப் பார்த்ததும் அவள் முகம் எப்படி இருக்கிறது? தன் கைவேலையைப் பார்ப்பவளின் முகமா, அல்லது அவர் கைவேலையைப் பார்ப்பவளின் முகமா? நான் அவளுக்குப் பின்னால் நின்று எழுதுகிறேன். முகம் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள்.

அவள் ரூபாயை எடுக்கிறாள். ஓசை இல்லை. அதற்கு நான் பொறுப்பு.

அதன்பிறகு உள்ளறையில் பத்திரிகைத் தாள் ஒன்று புரளும் சத்தம் கேட்கிறதா, அல்லது அவளைக் கவனித்தபடி படித்த பக்கத்திலேயே அவர் இருக்கிறாரா என்பதை நீங்கள் காதுகொடுத்துச் சொல்லுங்கள்.